பந்தியில் விழுந்த இடைவெளி

"அம்மா, நான் யாரையும் வெறுக்கிறதில்லை. அது போதாதா?" என்று கேட்டார் தணிகாசலம்.

மடத்துக்குத் தலைவி வேதவல்லியம்மா. சீடரான தணிகாசலத்தைவிட வயதில் இளையவர். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "போதாதுன்னு யார் சொன்னா?" என்றார்.

"மனசுதான் சொல்லுது."

தணிகாசலத்தின் தெருவில் கோயில் உண்டியலை யாரோ உடைத்துவிட்டார்கள். பழி, டைல்ஸ் ஒட்டும் பீரேன் தலையில் விழுந்தது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. "இந்திக்காரன்" என்ற பேரே சாட்சியாகிவிட்டது. அவன் அசாம்காரன், வீட்டில் பேசுவது இந்தியே இல்லை என்பதெல்லாம் தெருவுக்கு வேண்டாத விவரம். இன்று சாயங்காலம் அவனையும் பெண்டாட்டி பிள்ளையையும் வெளியே தள்ளி வீட்டைப் பூட்டப் போகிறார்கள்.

"அந்தக் கூட்டத்தோட நான் சேரமாட்டேன்மா. கதவைச் சாத்திக்கிட்டு ஜபத்துல உட்கார்ந்துடுவேன்."

"முதல்ல சாப்பிட உட்காருங்க."

அன்று பௌர்ணமி அன்னதானம். இலை போட்டாகிவிட்டது. மடத்து அடுக்களையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த பீரேனை அம்மா கூப்பிட்டு முதல் இலையில் உட்காரவைத்தார்.

பக்கத்து இலைக்காரர் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்படியே வரிசையாக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

கடைசி இலையில் தணிகாசலம் மட்டும் அசையவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா சாத வாளியோடு வந்தார். பீரேனுக்குப் பரிமாறினார். அங்கேயே நின்றுவிட்டார்.

"எனக்கும்மா?"

"பந்தி நடுவுல இடைவெளி விழுந்தா இந்த மடத்து வாளி அதைத் தாண்டாது. இன்னிக்குத்தான் வந்தவர் மாதிரி கேட்கறீங்களே."

"எழுந்து போனது அவங்க. நான் எழுந்திருக்கவே இல்லையே!"

"இல்லைதான். நெருங்கியும் உட்காரலையே."

தணிகாசலத்துக்கு முகம் சுட்டது. தன் இலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பீரேனின் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தார்.

வாளி வந்தது.

சாயங்காலம் பூட்டும் கையுமாகக் கூட்டம் வந்தபோது, பீரேன் வீட்டு வாசற்படியில் தணிகாசலம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் அவர் மனைவியின் தம்பி சிகாமணி.

"மாமா, இவனுங்களுக்காகவா இப்படி? எழுந்திரிங்க, பூட்டணும்."

தணிகாசலம் எழவில்லை. படியில் கொஞ்சம் நகர்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் வந்தது.

"பந்தி இன்னும் முடியலை சிகாமணி. நெருங்கி உட்காரு."