உப்பில்லாத கஞ்சி

ஒரே ஒரு ஊருல இல்ல, ரெண்டு நாட்டுல நடந்த கதை இது. ஆத்துக்கு அந்தப் பக்கம் மலைநாடு, இந்தப் பக்கம் கடல்நாடு. அவங்க மொளகு குடுப்பாங்க, இவங்க உப்பு குடுப்பாங்க. ஒருநா மலைராஜா வந்து, "கடல்ராஜா உப்புல மண்ணு கலக்குறான், எங்க புள்ளைங்க சோத்தை வாயில வெச்சுட்டுத் துப்புதுங்க"ன்னு வழக்கு போட்டான். "பொய்யி, சுத்தப் பொய்யி"ன்னான் கடல்ராஜா.

ரெண்டு நாட்டுக்கும் வழக்கு தீக்கறது பூவாத்தா. ஆத்து நடுத் திட்டுல இருக்கா. அவளுக்கு ஒரு கட்டு உண்டு. வழக்கு முடியற வரைக்கும் அந்த ரெண்டு நாட்டுச் சரக்கும் அவ நாக்குல படக்கூடாது, பட்டா தீர்ப்பு சொல்ற மணையை விட்டு எறங்கிடணும். அதனால உப்பில்லாத கஞ்சி குடிச்சா, குடிச்சா, குடிச்சுக்கிட்டே இருந்தா. வழக்கோ வாய்தா மேல வாய்தா. பாவம், சலிச்சுப் போயிட்டா. எனக்கே சொல்லச் சலிப்பா இருக்கு, யாராச்சும் "ம்" கொட்டுங்கடா.

பூவாத்தாவுக்குச் சளி புடிச்சப்போ மலைராஜா மொளகு ரசம் அனுப்பினான். "வேணாம்பா, எடுத்துட்டுப் போ"ன்னா. கடல்ராஜா கருவாடு அனுப்பினான். "வேணாம்பா, எடுத்துட்டுப் போ"ன்னா.

தீர்ப்பு வந்தா மாட்டிக்குவோம்னு கடல்ராஜாவுக்குப் பயம். அவ குளிக்கப் போன நேரம் பாத்து, தானே பூனையாட்டம் வந்து, கஞ்சிப் பானையில ஒரு கை உப்பைப் போட்டுட்டான். எந்த உப்பு? விக்கக் கொண்டாந்த மூட்டையில அள்ளினதுதான். கலந்து கலந்து பழகினவனுக்கு அது நெனப்பே இல்ல.

மறுநா சபையில எந்திரிச்சான். "ஆத்தா, கஞ்சி ருசியா இருந்துச்சா? அதுல கெடந்தது எங்க நாட்டு உப்பு. இனி நீ எப்படித் தீர்ப்பு சொல்லுவே?"

பூவாத்தா மணையை விட்டு எறங்கிட்டா. "ஆமாப்பா, தின்னுட்டேன். ஒரு வாய்தான், நாக்கு அழுதுடுச்சு. நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். அடிக்கஞ்சி அப்படியே இருக்கு. உன் உப்புன்னு நீயே சொல்லிட்டே, நீயே குடி."

மலைராஜா ஆளுங்க அத்தனை பேரும் பாக்கறாங்க, குடிக்காம எப்படி? ஒரு வாய் குடிச்சான், நறநற. ரெண்டாம் வாய் குடிச்சான், நறநற. மூணாம் வாய்க்குத் துப்பிட்டான். சபையே கேட்டுச்சு. தீர்ப்பை அவன் பல்லே சொல்லிடுச்சு. மண்ணு மூட்டை எல்லாம் அவன் அரமனைக்கே திரும்பிப் போச்சு, தீர்ற வரைக்கும் அவன் சமையலுக்கு அதுதான்.

"அப்பாடா, இனி உப்புப் போட்டுத் திங்கலாம்"னு பூவாத்தா ஒலை வெச்சா. கஞ்சி கொதிக்கறதுக்குள்ள அடுத்த ஓடம் வந்துடுச்சு, பருத்தி நாடும் தறி நாடும் சண்டை போட்டுக்கிட்டு. பெருமூச்சு விட்டுட்டு, கந்தச் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு மணையில ஏறினா. ஏன்னா, அந்த வழக்கு முடியற வரைக்கும் அவ புதுத்துணி கட்டக்கூடாது.

கஞ்சியும் ஆறிப் போச்சு, என் தொண்டையும் காஞ்சு போச்சு, தூங்குங்க.