கீரைக்கட்டு வழக்கு

கருவேலபுரத்து ராஜா உதயசேகரர் நல்லவர்தான். ஆனால் யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் போதும், அப்படியே நம்பிவிடுவார். அந்த ஊரில் நீட்டி முழக்குவதற்கென்றே பிறந்தவர் சட்டக் கலாசாலைத் தலைவர் அம்பலவாணர். அப்புறம் கேட்க வேண்டுமா!

கலாசாலைக்குப் பிள்ளைகள் வரத்து நின்றுபோயிருந்தது. அம்பலவாணர் ஒரு நாள் சால்வையைச் சரிசெய்துகொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா! எங்கள் கலாசாலையில் சட்டம் படித்தவர்களில் வேலையில்லாதவன் என்று ஒருவன்கூடக் கிடையாது. இந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டாமா? வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கும்படி ஆணையிடுங்கள்!"

ராஜா உருகிவிட்டார். "ஆகா! தண்டோரா போடச் சொல்லுங்கள்!"

அரசவை விகடர் ஏகாம்பரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகன், முத்தையன். உளியைக் கையில் எடுத்தால் சோறு தண்ணீர் மறந்துவிடும் பிள்ளை. கோயில் தேருக்குச் சக்கரம் செய்கிற இடத்தில் இப்போதுதான் ஆசாரி அவனைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவனைப் பிடித்து வகுப்பில் உட்காரவைத்தால் பையன் வாடிப்போவானே!

"மகாராஜா, ஊரில் மழை பெய்கிறது, நெல் விளைகிறது. சண்டை போட யாருக்கு நேரம் இருக்கிறது? வழக்கே இல்லாத ஊரில் இத்தனை வக்கீல்கள் எதற்கு?" என்றார் ஏகாம்பரம்.

"பொறாமை, மகாராஜா, பொறாமை!" என்று அம்பலவாணர் துள்ளினார்.

ராஜா கையை உயர்த்தினார். "ஏகாம்பரம், அந்தக் கலாசாலையில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற ஒருவனை நாளைப் பொழுது சாய்வதற்குள் எனக்குக் காட்டு. ஆணையைக் கிழித்துப் போடுகிறேன். காட்டாவிட்டால், முதலில் சேருகிற பிள்ளை உன் மகன்தான்!"

மறுநாள் ராஜா வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் அவரையும் அம்பலவாணரையும் சந்தைக்கு அழைத்துப் போனார். அம்பலவாணர் சால்வையால் முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கீரைக்கடையில் ஓர் இளைஞன். பெயர் தணிகாசலம். ஏகாம்பரம் ஒரு கட்டுக் கீரையை எடுத்து உதறினார்.

"என்னப்பா இது, பாதிக்குப் பாதி புல்லா இருக்கு?"

"பாத்துத்தானே எடுத்தீங்க? பாத்து எடுத்த சரக்குக்குக் கடைக்காரன் பொறுப்பில்ல. பக்கத்துக் கடை அக்கா சாட்சி."

"அப்படியா சங்கதி? உன் மேல வழக்குப் போடாம விடமாட்டேன்!"

அவ்வளவுதான். சந்தையே எழுந்து நின்றது. பொரி வறுத்துக்கொண்டிருந்தவன் அகப்பையோடு ஓடிவந்தான். மூட்டை தூக்கியவன் மூட்டையை நடுவழியில் போட்டான். ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகத்தை அம்போ என்று விட்டுவிட்டுக் கத்தியோடு ஒருவன் பாய்ந்தான். முகத்துக்குச் சொந்தக்காரர் அவன் பின்னால் கத்திக்கொண்டே ஓடினார்.

"ஐயா, உங்க வழக்கை நான் வாதாடறேன்!"

"ஜெயிச்சா அரைக்கட்டுக் கீரை குடுங்க, போதும்!"

"நான் சும்மாவே வாதாடறேங்க! வாதாடி எத்தனை நாளாச்சு!"

ஏகாம்பரம் தணிகாசலத்தைப் பார்த்தார். "உனக்கு வக்கீல் வேண்டாமா தம்பி?"

"எனக்கெதுக்குங்க வக்கீல்? நானும் சட்டம் படிச்சவன்தான். அந்த வருஷம் முதல் மாணவன்."

ராஜா முண்டாசைக் கழற்றி வீசினார். சந்தை மொத்தமும் கைகூப்பியது. "அம்பலவாணரே! இதுதான் உங்கள் பாக்கியமா?"

அம்பலவாணர் லேசுப்பட்டவரா? முக்காட்டை நீக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா, வேலையில்லாதவன் இல்லை என்றேன். இன்ன வேலை என்று சொன்னேனா? ஒருவன் கீரை விற்கிறான், ஒருவன் பொரி வறுக்கிறான், ஒருவன் மூட்டை தூக்குகிறான். இதில் வேலையில்லாதவன் யார்? ஏகாம்பரத்தைக் காட்டச் சொல்லுங்கள்!"

ராஜாவுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்திருந்தது. ஆனால் ராஜா வாக்கு ராஜா வாக்குத்தானே? "ஏகாம்பரம், இவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. பொழுது சாயப் போகிறது. உன் மகனை..." என்று இழுத்தார்.

ஏகாம்பரத்துக்கு உளியும் கையுமாக முத்தையன் கண்ணில் வந்து நின்றான். அடுத்த நிமிஷம் அவர் முகத்தில் குறும்பு எட்டிப்பார்த்தது. அம்பலவாணரைப் பார்த்து மிகவும் பணிவாகக் கும்பிட்டார்.

"ஐயா, உங்களிடம் தோற்பதே ஒரு பெருமை. இவ்வளவு சாமர்த்தியமாகப் பேச எங்கே படித்தீர்கள்?"

"எங்கேயா? இதே கலாசாலையில்தான்!" என்று மீசையை முறுக்கினார் அம்பலவாணர்.

"அடடா! இன்றைக்குக் காலையில் என்ன பாடம் நடத்தினீர்கள்?"

"பாடமா? பிள்ளைகள் இருந்தால்தானே நடத்த!"

"போன மாசம்?"

"அதைத்தானே ஐயா சொல்கிறேன்! இரண்டு வருஷமாக ஒரு ஈ காக்கை வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகுவலியே வந்துவிட்டது!"

ஏகாம்பரம் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, பொழுது இன்னும் சாயவில்லை. அந்தக் கலாசாலையில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவர் இதோ நிற்கிறார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சந்தை முழுக்கச் சிரித்தது. பாதி சவரத்தோடு நின்றவர்கூட முகத்தை மறந்து சிரித்தார். ராஜா மடியிலிருந்த ஆணையை எடுத்து அங்கேயே நாலாகக் கிழித்துப் போட்டார். வேஷத்துக்குள் மறைத்திருந்த முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கி ராஜா முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பமுங்க. என்ன இருந்தாலும் எங்க வாத்தியார். அவர் வேலையில்லாம நிக்கிறதைப் பாக்க மனசு கேக்கலை. கீரைக்குத் தண்ணி தெளிக்க எனக்கு ஒரு ஆள் வேணும். நாளைக்குக் காலையிலயே வரச் சொல்லுங்க."