ஆள்காட்டிக்குக் கூடில்லாமல் போனது

காட்டில் பறப்பதும் நடப்பதும் ஊர்வதும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஏரிக்கரையில் யாருக்கு என்ன தகராறு வந்தாலும் மருதமரத்தடி யானையிடம்தான் போவார்கள். யானை கெட்டவர் இல்லை. ஆனால் அவர் மனசு அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் தீர்ப்பும் இருக்கும். முள்ளம்பன்றியின் வளையை உடும்பு பிடித்துக்கொண்டபோது, "தோண்டியவருக்குத்தான் வளை" என்றார். மறுநாள் முயலின் வளையை நரி பிடித்துக்கொண்டது. அன்று யானையின் காலில் முள் குத்தியிருந்தது. "இருக்கிறவன் இருக்கட்டும், போ" என்று முயலை விரட்டிவிட்டார்.

கூட்டத்தில் வல்லி என்றொரு பறவை இருந்தாள். நீண்ட மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. இன்று நாம் ஆள்காட்டி என்கிறோமே, அந்த இனம். அப்போது அதற்கு அந்தப் பெயர் வரவில்லை. எல்லாப் பறவைகளையும் போல மரத்தில் கூடு கட்டித்தான் அதுவும் வாழ்ந்தது.

வல்லி எழுந்தாள். அவள் கணவன் சேந்தன் சிறகைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஐயா, நேற்று ஒன்று, இன்று ஒன்றா? ஒருவருக்குச் சொன்னதையே அதே மாதிரி வருகிற எல்லாருக்கும் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எத்தனை நாள் பயப்படுவது?"

யானை முள் குத்திய தன் காலைப் பார்த்தார். பிறகு, "நியாயம்தான் அம்மா" என்றார்.

முயலுக்கு வளை திரும்பக் கிடைத்தது. சொன்ன தீர்ப்பையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள ஆமையை அமர்த்தினார்கள். வழக்கு வந்தால் யானை முதலில் ஆமையைத்தான் கேட்பார்: "முன்னே என்ன சொன்னோம்?" பலசாலிகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். சின்ன உயிர்கள் வல்லியைக் கண்டால் வழிவிட்டு நின்றன.

ஒரு வருடம் புறா தன் கூட்டை விட்டுவிட்டு மூன்று மாதம் அக்கரைக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டில் அணில் குட்டி போட்டது. திரும்பி வந்த புறா கூட்டைக் கேட்டது. "ஆள் விட்டுப்போன கூடு, உள்ளே இருப்பவருக்கு" என்றார் யானை. கண் திறக்காத அணில்குட்டிகளைப் பார்த்த எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. வல்லியும் தலையாட்டினாள்.

அடுத்த கோடையில் வல்லி நான்கு முட்டை இட்டாள். வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதென்று அவளும் சேந்தனும் மாறிமாறி ஏரிக்குப் போய் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்தார்கள். ஏரி வற்றிக்கொண்டே வந்தது. ஒருநாள் தண்ணீர் தேடிப்போன சேந்தன் திரும்பத் தாமதமானது. முட்டை சுடுவது வல்லியின் வயிற்றுக்குத் தெரிந்தது. அவளும் ஓடினாள். நனைந்து திரும்பி வந்தபோது கூட்டுக்குள் சாரைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்தது.

"எழுந்திரு! என் கூடு!"

"ஆள் இல்லையே. நான்தானே உள்ளே இருக்கிறேன்" என்றது பாம்பு.

காடே மருதமரத்தடியில் கூடியது. வல்லியின் கூடும் அந்த மரத்தில்தான் இருந்தது. பாம்பு கூட்டிலிருந்தே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முன்னே என்ன சொன்னோம்?" என்று யானை ஆமையைக் கேட்டார்.

"ஆள் விட்டுப்போன கூடு, உள்ளே இருப்பவருக்கு" என்றது ஆமை.

"தோண்டியவருக்குத்தான் வளை என்றீர்களே! இதைக் கட்டியது நான்!" என்றாள் வல்லி.

"அது வளைக்குச் சொன்னது. இது கூடு" என்றது ஆமை.

"புறா மூன்று மாதம் போனது. நான் வயிற்றை நனைக்கத்தானே போனேன்!"

"எத்தனை நாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை" என்றது ஆமை. அதற்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

யானை கூட்டத்தைப் பார்த்தார். யாராவது ஒருவர் மாற்றச் சொன்னால் மாற்றியிருப்பார். முயல்தான் வாயைத் திறந்தது. "அக்கா, என் வீடு உன்னால் கிடைத்தது. மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு உனக்காக மாற்றினால் நாளைக்கு நரிக்காகவும் மாற்றுவார்கள். நான் குட்டிகளை எங்கே கொண்டுபோவேன்?" சொல்லிவிட்டு அது அழுதது.

"இப்படி என்னைக் கட்டிப்போடச் சொன்னது நீதான் அம்மா" என்றார் யானை.

"நான்தான்" என்றாள் வல்லி.

"கூடு பாம்புக்கு" என்று சொல்லிவிட்டு யானை திரும்பிக்கொண்டார். பாம்பு அவசரப்படவில்லை. ஒவ்வொரு முட்டையாக நான்கையும் விழுங்கியது. சேந்தன் கண்ணை மூடிக்கொண்டான். வல்லி மூடவில்லை.

மழைக்காலத்தில் யானை எல்லாரையும் கூட்டி, இரைக்கும் தண்ணீருக்கும் போனவர் கூட்டை விட்டுப்போனவர் ஆகமாட்டார் என்று சொன்னார். ஆமை அதையும் நினைவில் வைத்துக்கொண்டது. அதனால் மைனாவும் கொக்கும் பிழைத்தன. முயல் ஓடிவந்து வல்லியிடம் சொன்னது.

"நல்லது" என்றாள் வல்லி. அவள் வெட்டவெளியில், கல்லுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். மரத்தின் பக்கம் அவள் போய் நாளாகியிருந்தது.

அன்றோடு விட்டதுதான், ஆள்காட்டி இன்றுவரை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, தூரத்தில் ஒரு காலடி கேட்டாலே போதும், ஆள் இருக்கிறேன், ஆள் இருக்கிறேன் என்று இரவு பகல் பாராமல் கத்துகிறது.