சீரங்காயியின் காடு

வேங்கைமலை அடிவாரத்து மடத்தில் குரு இளையவர், சீடர் மூத்தவர். குருவுக்கு நாற்பத்தைந்து. சீடர் ஞானவடிவேலுக்கு அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கத்திய தொண்டை, ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. மரத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கோடாலி வைத்திருப்பவனும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். துடைத்துக்கொண்டு போய் வெட்டுவான், அது வேறு விஷயம்.

மடத்துக்குத் தண்ணீர் தருவது ஓர் ஓடை. அது ஊறுவது மேலே சீரங்காயியின் பட்டா நிலத்தில். பன்னிரண்டு ஏக்கர் காடு. வேங்கை, மருது, கடுக்காய். புருஷன் போன பிறகு இருபத்தாறு வருஷமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கோணல் மரமும் பட்ட மரமும் விறகுக்குப் போகும். நேரான மரம் விதைக்கு நிற்கும். புதர் மண்டவிடமாட்டாள். கோடைக்கு முன்பே சுற்றிலும் சருகைக் கூட்டி, தீ தாண்டாதபடி தடம் போட்டுவிடுவாள். சித்திரையிலும் ஓடை வற்றாமல் இருந்தது அந்தக் கைகளால்தான்.

அந்தக் காட்டை மொத்தமாக வெட்டிக்கொள்ளச் சொல்லி வியாபாரியிடம் சம்மதித்துவிட்டாள் என்று சேதி வந்தது. காடு போனால் ஓடை போகும், ஓடை போனால் மடம் போகும். ஞானவடிவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார்.

சீரங்காயி அவர் பேசியதை முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

“நல்லாத்தான் பேசுறீங்க சாமி.”

“அப்போ வெட்ட மாட்டீங்களே அம்மா?”

“போன மாசியில தீப் புடிச்சுதே, தெரியுமுங்களா?”

“புகை வந்தது.”

“நானும் மருமவளும் பச்சைத் தழைய ஒடிச்சுப் பொழுதன்னிக்கும் அடிச்சோம். தொண்டை கிழியக் கூப்புட்டேன். ஒருத்தரும் வரல. இப்ப மருமவளும் மவங்கூடத் திருப்பூருக்குப் போயிட்டா. அடுத்த தீக்கு நா ஒருத்தி என்ன பண்ணட்டும்? எரிஞ்சு போறத வித்துட்டுப் போறேன்.”

ஞானவடிவேல் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். அன்று தியான மண்டபத்துக்குள் புகை வருகிறதென்று எழுந்துபோய்ச் சன்னல்களைச் சாத்தியவர் அவர்தான்.

“வெட்டறேன்னதும் வீடு தேடி வர்றீங்க,” என்றாள் சீரங்காயி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நாளன்னிக்கு ஆளு வருது.”

அவர் இறங்கி வந்தபோது குரு கொட்டகையில் மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னால் அவள் மனசு மாறும் சாமி?”

“இதுவரை என்ன சொன்னீர்?”

“மழை, மண், ஊற்று, வருங்காலம். எல்லாம் சொல்லியாகிவிட்டது.”

“அவள் என்ன சொன்னாள்?”

அதையும் சொன்னார். சன்னல் சாத்தியதை மட்டும் விட்டுவிட்டார்.

குரு எழுந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வாரும் வாத்தியாரே.”

“எங்கே?”

“அவள் காட்டுக்கு. தீத்தடம் போட.”

ஞானவடிவேல் கையை நீட்டவில்லை.

“சாயங்காலம் டவுனில் கூட்டம் இருக்கிறதே சாமி. ‘காடு நம் தாய்’ என்று தலைப்பு கொடுத்து நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நாளைக்கு விடிந்ததும் போய்விடலாம். ஆள் வருவது நாளன்னிக்குத்தானே. இல்லையென்றால் நீங்கள் மட்டும் முன்னால் போய்...”

“ஒற்றை ஆளாகச் செய்ய அவளே இருக்கிறாள்.”

குரு இரண்டு மண்வெட்டிகளையும் சுவரில் சாய்த்து வைத்தார்.

கூட்டத்தில் நல்ல கைதட்டல். மாலை போட்டார்கள். இரண்டு பேர் அழுததாகவும் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். பாதி வழியிலேயே ரம்பச் சத்தம் கேட்டது. வியாபாரி ஒரு நாள் முந்திக்கொண்டு லாரியை அனுப்பிவிட்டான். ஞானவடிவேல் ஓடினார். அறுபது வயசுக் கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு ஓடினார்.

ஊற்றங்கரையில் இருந்த வேங்கை முதலில் சாய்ந்திருந்தது. வெட்டிய இடத்தில் பிசின் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. சீரங்காயி பாறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“வாங்க சாமி. மம்முட்டியோடயே வந்துட்டீங்க.” மண்வெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இங்க வேலை ஒண்ணும் இல்லீங்களே.”

சொல்லிவிட்டு மறுபடி மரம் விழும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞானவடிவேல் குருவின் பக்கம் வந்து சொன்னார்:

“ஒரே ஒரு நாள் சாமி! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இவள்?”

குரு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“அதோ நிற்கிறாள் வாத்தியாரே. அவளிடமே கேட்டுவிட்டு வாரும்.”

ஞானவடிவேலுக்குக் கால் எழவில்லை.