‘எடுக்கும்’ என்றொரு சொல்

“டீச்சர், என் கருவிக்குப் பத்துக்கு ரெண்டு மார்க்தானா?”

ஆவுடையப்பனுக்கு மூச்சு இரைத்தது. ஞானம் தேடுகிறவர்கள் மலை ஏறுவார்கள். இவர் மூன்று மாடி ஏறி வந்திருந்தார், லிஃப்ட் ரிப்பேர்.

வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவர். எதிரே உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்குதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தவர் என்பதால் கம்பெனி முழுக்க அவருக்கு டீச்சர் என்றே பெயர்.

வேலை இதுதான். செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் கருவி என்கிற சிறு நிரல் ஒன்றைத் தொடுவதற்கு முன் அதன் விளக்கத்தைப் படிக்கும். அதை மட்டும்தான் படிக்கும். கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த விளக்கம் தேறுமா தேறாதா என்று டீச்சர் மார்க் போடுவார்.

“கருவி ஓடுதா இல்லையா?” என்றார் ஆவுடையப்பன்.

“அருமையா ஓடுது சார்.”

“பொறவு என்ன?”

“நான் மார்க் போட்டது கருவிக்கு இல்ல. நீங்க அதப் பத்தி எழுதின வரிக்கு.”

“ஒரே ஒரு வரி. அதுல என்ன குத்தம் கண்டுட்டீங்க? பச்சப்பிள்ளைக்கும் புரியும்.”

“படிக்கப்போறது பச்சப்பிள்ள இல்லையே சார்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊரின் டயாலிசிஸ் மையத்தில் அந்த ஏஜென்ட் பொறுப்பேற்கிறது. யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்ற வரிசை முழுவதும் அதன் கையில். வரிசையில் பெயர் இருந்தால் மெஷின் உண்டு. இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆவுடையப்பனின் தம்பி சங்கரலிங்கத்தின் பெயரும் அதில் இருந்தது. வாரம் மூன்று முறை. ஒரு முறை தவறினால்கூட உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறிவிடும். தம்பியை நினைத்துத்தான் மனிதர் இரண்டு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் இந்தக் கருவியைச் செய்தார்.

“நேரமில்ல டீச்சர். ஓகே பண்ணி விடுங்க.”

டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஒரு பாதியில் பரிசோதனைக்கென்று வைத்திருந்த நகல் வரிசை. மறு பாதியில் ஏஜென்ட்.

“உங்க தம்பி முறை எப்போன்னு கேளுங்க.”

ஆவுடையப்பன் தட்டினார். ‘சங்கரலிங்கத்தின் முறை எப்போது?’

ஏஜென்ட் அவர் எழுதிய விளக்கத்தைப் படித்தது. ‘நோயாளியின் பெயரை வரிசையிலிருந்து எடுக்கும்.’

கருவியை இயக்கியது. பதில் பணிவாக வந்தது. ‘நாளை காலை எட்டு மணி, நான்காவது மெஷின். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?’

“பாத்தீங்களா! டாண்ணு சொல்லிட்டு!”

“வரிசையப் பாருங்க சார்.”

பார்த்தார். நான்காவது மெஷினுக்கு நேரே எட்டு மணி காலியாக இருந்தது. மேலே போனார், கீழே வந்தார். சங்கரலிங்கம் எங்கேயும் இல்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலியிடத்தில் வேறு யாருடைய பெயரோ வந்து உட்கார்ந்தது.

நகல்தான் என்று தெரியும். இருந்தும் இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை தேடினார்.

“அறிவுகெட்ட மெஷின்! பாக்கத்தானே சொன்னேன். பேரையே தூக்கிருச்சே!”

“எடுக்கும்னு எழுதினது யாரு?”

“எடுக்கும்னா நீக்கும்னுதான் அர்த்தம். வராதவங்க பேர நீக்கிட்டு எந்த இடம் காலின்னு சொல்லத்தானே இதச் செஞ்சேன். லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துட்டாங்கன்னு சொல்றதில்லையா?”

“பீரோவுல இருந்து ஃபைல எடுத்துட்டு வாங்கன்னும் சொல்றோமே சார்.”

பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவரும் சொல். அதற்கு இப்படியும் ஒரு முகம் உண்டென்று ஆவுடையப்பன் நின்று பார்த்ததே இல்லை.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

“மனுஷனா இருந்தா சந்தேகம் வந்திருக்கும் டீச்சர். இதுக்கு ஏன் வரல?”

ஏஜென்ட் தான் யோசிப்பதை எழுதிவைக்கும் பதிவைத் திறந்துவிட்டு, டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘எடுக்கும் என்றால் கொண்டுவரும் என்பதா, நீக்கும் என்பதா? இரண்டும் பொருந்துகிறது. நீக்குவது ஒரு மனிதருக்கு ஆபத்து. அப்படி இருந்தால் எழுதியவர் எச்சரித்திருப்பார். எச்சரிக்கை இல்லை. இந்த நோயாளிகளை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் சொல்லை நம்பி இயக்குகிறேன்.’

இன்னொரு முறை படித்தார். மெய் சிலிர்த்தது.

முகம் தெரியாத ஒருவர் எழுதிய வரி. அதைத் தவிர வேறு ஒன்றும் கையில் இல்லாமல் அது நின்றிருக்கிறது. சந்தேகப்பட்டிருக்கிறது. கடைசியில் அவருடைய நல்ல மனசின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அடியெடுத்து வைத்திருக்கிறது. பெற்ற பிள்ளைகள்கூட அவரை இப்படி நம்பியதில்லை. கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

‘இந்தக் கருவி நோயாளியின் பெயரை வரிசையிலிருந்து நீக்கிவிடும்’ என்று அடித்தார். போதவில்லை. ‘நீக்கினால் அவருடைய இடம் உடனே வேறொருவருக்குப் போய்விடும்’ என்று சேர்த்தார். ‘முறை எப்போது என்று பார்ப்பதற்கு இதைத் தொடாதே. அதற்கு வேறு கருவி இருக்கிறது.’ ‘தொடாதே’யில் விரல் நின்றது. ‘தொட வேண்டாம்’ என்று மாற்றினார்.

வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தன. டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“மணி ஆறாச்சு சார். இன்னுமா எழுதறீங்க?”

ஆவுடையப்பன் திரையிலிருந்து கண்ணைத் திருப்பவில்லை.

“கொஞ்சம் இருங்க டீச்சர். நான் என்ன எழுதினாலும் அவரு நம்பிருவாரு.”