தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

"விழவே முடியாத அறையில ஒருத்தி விழுந்திருக்கா அம்மா! வேணும்னே விழுந்திருக்கா!"

பூவராகன் கத்திக்கொண்டேதான் உள்ளே வந்தார். ஆயுசு முழுக்கக் கட்டடம் கட்டிவிட்டு, எழுபதாவது வயதில் ஆசிரமத்துக்கு வந்து ஞானாம்பாளைக் குருவாக ஏற்றவர். குருவுக்கு வயது அவரைவிட இருபது குறைவு. வாய் மட்டும் கூடுதல்.

ஞானாம்பாள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யார் விழுந்தது?"

"கோமளவல்லி. யாத்திரை வந்த கிழவி. இடுப்பெலும்பு போச்சு, ஆஸ்பத்திரியில கிடக்கா. வயசானவங்க வந்து தங்க ஒரு விடுதி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? ராப்பகலா கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். தரை வழுக்குமா, கை எட்டுமா, கால் இடறுமா... ஆயிரக்கணக்கில அறையை அதுவே வரைஞ்சு, அதுக்குள்ள கிழவன் கிழவியை அதுவே நடக்கவிட்டு, கடைசியா ஒண்ணைப் பொறுக்கிக் கொடுத்துது. அதுல ஒருத்தரும் விழல!"

"அவங்க விழுந்த குளியலறைக்குத் தாழ்ப்பாளைக் காணோமே?"

"உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு மயங்கி விழுந்தா? கதவை உடைக்கறதுக்குள்ள உயிர் போயிடும். எடுத்துடுன்னு கணக்கு சொல்லுது. எடுத்துட்டேன்."

"எப்படி விழுந்தாங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டா. திமிர்! இனிமே இந்தப் பெரிசுங்க குளிக்கறப்ப ஒரு ஆள் உள்ளேயே நின்னு பார்த்துக்கணும். உத்தரவு போடுங்க."

ஞானாம்பாள் அரிவாள்மணையை ஒதுக்கினார்.

"காலையில குளிச்சிட்டு வாங்க. போடறேன்."

மறுநாள் காலை, தன் குடிலின் குளியலறைக் கதவைச் சாத்தியதும் பூவராகனின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. தாழ்ப்பாள் இல்லை. திருகாணி கழன்ற ஓட்டைகள்தான் இருந்தன.

"எவன் கழட்டினது?"

"நான்தான்." கதவுக்கு வெளியே ஞானாம்பாளின் குரல். "உங்களுக்கும் எழுபதாச்சே. கணக்குன்னா எல்லாருக்கும்தான். குளிங்க."

"எனக்கென்ன கேடு? நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

தோட்டத்தில் பூப்பறிக்க வந்த பெண்களின் பேச்சும் சிரிப்பும் ஜன்னல் வழியாகக் கேட்டன.

பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை மொண்டு ஊற்றினார். சோப்புப் போட்டார். சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. சட்டென்று ஒரு காலை நீட்டிக் கதவை அழுத்திப் பிடித்தார். நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடியே செம்பைத் துழாவினார்.

தடால்.

"அடி பட்டுதா? கதவைத் திறக்கவா?"

"வேண்டாம்! யாரும் வரக் கூடாது! உயிரோடதான் இருக்கேன்!"

கதவு அசையவில்லை.

"எப்படி விழுந்தீங்க?"

"எப்படியா? எல்லாம் உங்களாலதான்! யாராவது திறந்துடுவாங்களோன்னு ஒரு காலால கதவை..."

பூவராகனின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லி முடிங்க," என்றார் ஞானாம்பாள். குரலில் துளி இரக்கம் இல்லை. "கம்ப்யூட்டர்ல போடணுமில்ல?"