தியாகேசன் வீட்டுக் கூடத்துச் சுவர்

தியாகேசனுக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. அறுபதை நெருங்குகிற ஆள், சொந்தமாக ரைஸ் மில் வைத்திருப்பவர், திருவாரூரில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மனுஷர். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் போதும், ஓடம்போக்கி ஆற்றங்கரைக்கு ஸ்கூட்டரை விட்டுவிடுவார். அங்கே ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கே புத்தி சொல்லும் சாமியம்மா அவரைவிடப் பத்து வயசாவது இளையவர். அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மீனுக்குத் தாகம் எடுக்குமா, தூங்கும்போது கோபம் எங்கே போகிறது என்று கேட்டுத் துளைப்பார். சாமியம்மா பாதிக்குப் பதில் சொல்வார். மீதிக்கு நிலக்கடலை உரித்துக் கையில் கொடுப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை தியாகேசன் முகம் சரியில்லை.

"இன்னைக்கு ஒரு சின்னக் கேள்விதான் சாமியம்மா."

"கேளுங்கண்ணே."

"சுவருக்குப் பெயிண்ட் நல்லதா, வால்பேப்பர் நல்லதா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாமியம்மா சிரிக்கவில்லை.

"எந்தச் சுவருக்கு?"

"எங்க வீட்டுக் கூடத்துச் சுவருக்கு. பூத்துப் பூத்து உதிருது. மூணு தடவை பெயிண்ட் அடிச்சுப் பார்த்துட்டேன். சித்திரை வெயில்லயும் நசநசன்னு ஈரம். வீட்டுக்காரி, இன்னொரு தடவை நல்ல பெயிண்டா வாங்கி அடிங்கங்கிறா. கடைக்காரன், வால்பேப்பர் ஒட்டிடுங்க சார், உள்ளே என்ன இருந்தாலும் வெளியே தெரியாதுங்கிறான்."

"அவ்வளவு அவசரமா?"

"ஞாயித்துக்கிழமை நீலாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

நீலா அவருடைய ஒரே மகள். பெயரைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"போன மாசம் ஒரு இடம் வந்துச்சு. நல்ல இடம். காபி குடிச்சாங்க, சுவரைப் பார்த்தாங்க, போனவங்க போனவங்கதான். இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா எனக்குத் தாங்காது சாமியம்மா. அவ முகத்தைப் பார்த்துப் பேசவே பயமா இருக்கு."

சாமியம்மா கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டார்.

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றேன். பெயிண்ட் கொஞ்சம், பேப்பர் கொஞ்சம் வாங்கி வைங்க."

தியாகேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியம்மா லேசில் ஒரு வீட்டுப் படி ஏறுகிறவர் இல்லை. பெரிய பெரிய ஆட்கள் கார் அனுப்பியும் போகாதவர், ஒரு சுவரைப் பார்க்க வருகிறாராம். அதில் என்னதான் இருக்கிறது என்று யோசித்து யோசித்து மனுஷருக்கு அன்று சாப்பாடே சரியாக இறங்கவில்லை.

மறுநாள் சொன்னபடியே வந்தார். கூடத்தில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பு உயரம் வரைக்கும் ஈரம் தேமலாகப் படர்ந்திருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே வேலையில் இறங்கிவிட்டார். சுவரில் ஒரு முழத்துக்குச் சுரண்டி பெயிண்ட் அடித்தார். அதை ஒட்டி இன்னொரு முழத்துக்கு வால்பேப்பரைப் பசை தடவி ஒட்டினார். மூங்கில் இலை போட்ட பேப்பர், பார்க்க அம்சமாக இருந்தது.

"இப்ப என்ன சாமியம்மா?"

"இப்ப காபி."

தியாகேசனின் மனைவி கமலாம்பாள் காபி கொண்டுவந்தாள். குடித்தார்கள். நீலா வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். தியாகேசன் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவரைப் பார்த்தார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தார்.

உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே பேப்பரின் மேல் முனை மடங்கியது. மெல்ல மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது. பெயிண்ட் காயவே இல்லை. அங்கங்கே கொப்புளம் விட்டு, விரல் பட்டதும் தோலாக உரிந்து வந்தது.

"எதுண்ணே நல்லது?" என்றார் சாமியம்மா.

"ரெண்டும் நிக்கலையே."

"குத்தம் பெயிண்ட் மேலயா, பேப்பர் மேலயா?"

"சுவர் மேலதான்."

"சுவர் பாவம், அது சும்மா நிக்குது."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சாமியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அங்கே யாருண்ணே இருக்காங்க?"

தியாகேசன் கீழே கிடந்த பேப்பரைச் சுருட்டினார்.

"யாரோ இருக்காங்க."

கமலாம்பாள் காபி டம்ளரை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"இதேதான் சாமியம்மா. போன மாசம் வந்தவங்க கேட்டதுக்கும் இதையேதான் சொன்னாரு. அவங்க தெருமுனைக் கடையில டீ குடிக்கும்போது விசாரிச்சிருக்காங்க. அது அவரோட சொந்தத் தம்பி வீடுன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. கூடப்பிறந்தவனையே யாரோங்கிறவரு, நாளைக்கு நம்மளை என்ன சொல்வாருன்னு கேட்டாங்களாம். தரகர் என்கிட்ட சொன்னாரு. இவர்கிட்ட சொன்னா கத்துவாருன்னு நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

தியாகேசன் சுருட்டிய பேப்பரை மறுபடி பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

விஷயம் இதுதான். அது அப்பா காலத்தில் ஒரே வீடு. பாகம் பிரித்தபோது கூடத்துக்கு நடுவில் ஒரு சுவரை எழுப்பி, இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி சோமாஸ்கந்தன் என்று ஆக்கினார்கள். கொல்லைக் கிணறு அண்ணன் பாகத்தில் விழுந்தது. கொல்லைச் சுவரில் ஒரு கதவு வைத்து, கிணறு ரெண்டு பேருக்கும் பொது என்று பேச்சு. கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் கயிறு அறுந்து ஒரு வாளி கிணற்றுக்குள் விழுந்தது. யார் இழுத்து அறுந்தது, யார் இறங்கி எடுப்பது என்று ஆரம்பித்தது பேச்சு. வாளி இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது. அண்ணன் தம்பி பேசி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் கத்தின கத்தலில், சமாதானம் பேச வந்தவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

சாமியம்மா எழுந்தார்.

"தாகமா இருக்கு. பக்கத்து வீட்டுல தண்ணி குடிச்சுட்டு வர்றேன்."

"இங்கேயே பானைத் தண்ணி இருக்கு சாமியம்மா."

"அது இருக்கட்டும்."

போய்விட்டார். தியாகேசனுக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பினார். கடைசியில் வெட்கத்தை விட்டு, ஈரச் சுவரில் காதை வைத்துவிட்டார். கமலாம்பாள் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் தம்பியின் சிரிப்பு கேட்டது. நடுவில் ஒரு இருமல் வைத்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. சின்ன வயசில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு.  இத்தனை நாள் இந்தச் சுவருக்குப் பின்னால் இவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தானா என்று நினைத்தார். கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

சாமியம்மா திரும்பி வந்தபோது தியாகேசனின் காதிலும் கன்னத்திலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து நின்றார்.

"அங்கே என்ன பார்த்தீங்க சாமியம்மா?"

"ஒரு தொட்டி. சிமெண்டுத் தொட்டி. இந்தச் சுவரோட ஒட்டிக் கட்டியிருக்காங்க. வெடிச்சுக் கசியுது."

"நினைச்சேன். வேணும்னே பண்றான். என் வீட்டுச் சுவர் நாசமாகணும்னுதான் கட்டியிருக்கான்."

"நானும் கேட்டேன். கூடத்துல போய் யாராவது தொட்டி கட்டுவாங்களா, ஏன் தம்பி கட்டினீங்கன்னு."

"என்ன சொன்னான்?"

"அண்ணனைக் கேளுங்கன்னாரு."

தியாகேசன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 

கேள்வி கேட்டே பழகிய மனுஷர், கேள்வி தன் மேல் வந்து நின்றதும் திணறிப்போனார். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். தம்பி பாகத்தில் கிணறு இல்லை, கொல்லையென்று பெரிதாக இடமும் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தவரை அவனுக்குத் தொட்டி தேவைப்படவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டது யார்?

கமலாம்பாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நீலாவும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

தியாகேசன் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தார். கொல்லைக்குப் போனார். பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. நீலா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெய் விட்டு, திருகி, திட்டி, மறுபடி எண்ணெய் விட்டு ஒருவழியாகத் திறந்தார். கதவு கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் சோமாஸ்கந்தன் வந்து நின்றான். கையில் காலிக் குடம். தலை பாதி நரைத்திருந்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, தம்பி நரைத்ததைக்கூட நேருக்கு நேர் பார்க்காமல் இருந்திருக்கிறார் இந்த அண்ணன்.

தியாகேசன் கதவிலிருந்து ஒதுங்கி வழி விட்டார்.

"தண்ணி எடுத்துக்க," என்றார் தியாகேசன்.

"காதுல என்ன, சுண்ணாம்பு?"

"சுவர்ல பட்டுருச்சு."

சோமாஸ்கந்தன் குடத்தைக் கீழே வைத்தான்.

"தொட்டியை இன்னைக்கே காலி பண்ணிடறேண்ணே."

தியாகேசனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். சாமியம்மா கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வாசல் வரைக்கும் கூடவே போனவர் படியில் நின்றுவிட்டார். அவருடைய கேள்வி இன்னும் தீரவில்லை.

"சாமியம்மா, தொட்டியைக் காலி பண்ணினாலும் சுவர் காய மாசக்கணக்கா ஆகும். அவங்க நாளைக்கே வர்றாங்க. இந்த அலங்கோலம் அவங்க கண்ணுல படுமே. நான் என்ன பண்ணுவேன்?"

சாமியம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்தச் சுவருக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டு, பொண்ணோட சித்தப்பாவை உட்கார வைங்கண்ணே. அதுக்கப்புறமும் யாராவது சுவரைப் பார்த்தாங்கன்னா, எனக்கு வந்து சொல்லுங்க."